பூஜையில் இருந்த கேபிள்

நவமி அன்று டயமண்ட் ஹார்பர் ரோட்டில் வண்டியை எடுக்கிறவனுக்கு மூளை கிடையாது. பெஹாலாவில் பால் வாங்கப் போகிற பிள்ளைகூட இதைச் சொல்லும். சந்துக்குச் சந்து பந்தல், மூங்கில் தட்டி கட்டிப் பாதி ரோட்டை மறித்திருப்பார்கள், மீதிப் பாதியில் ஊரே நடக்கும். வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். நீங்களும் அன்றைக்கு எங்காவது விசிலும் கையுமாக நின்றிருப்பீர்கள், தத்தா பாபு, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சும்மா நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வங்காளத்திலேயே எழுதிக் கொடு என்றீர்கள். எனக்கு வங்காளம் தமிழைவிட நன்றாகவே வரும். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், கோபம் வந்தால் திட்டுவதுகூட வங்காளத்தில்தான் முதலில் வரும். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், இதை அவர் படிக்க வேண்டும். மொழிபெயர்க்க லேக் மார்க்கெட் அப்பளக் கடை வெங்கட்ராமன் மாமாவைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. அவரும் இறந்துபோன வத்சலா மாமியும் ஒரே கோயில் கமிட்டி. ஒவ்வொரு வரியையும் அவர் தன் வாயால் உங்களுக்குச் சொல்லட்டும்.

என் பெயர் ஷோபனா. அப்பா வீரபாண்டியன், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆனவர். நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தவள். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அனந்த் சாரின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பழைய ஜீப்பை வாங்கிப் பிரித்து, காட்டிலும் மலையிலும் ஓடுகிற மாதிரி புதுப்பித்து விற்கிற ஒர்க்‌ஷாப் அது. அந்த ஜீப்பில் ஒன்றுதான் நவமி மத்தியானம் ஜோக்கா தாண்டி எரிந்தது. அனந்த் சாரின் அம்மா வத்சலா மாமி அதில் வெந்து, தசமி அன்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த ஜீப்பின் வயரிங் முழுக்க என் கை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதும் தெரியும். ஏன் வந்தேன் என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் கேஸை முடித்துவைத்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள். வயரிங் செய்தவரின் கவனக்குறைவு. எங்கள் ஹெட் மிஸ்திரி நிதாய்-தா வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னார். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இந்த வார்த்தை நம்ம வீட்டுக்கு ரெண்டாந்தடவை வருது தாயி" என்றார். மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அதற்காக மட்டும்தான் வந்தேன்.

முதல் தடவை வந்த கதையைச் சொல்கிறேன். தொண்ணூற்றைந்தில், நான் பத்தாவது படித்தபோது. அதற்குமுன் பழைய ஜீப்பைப் பற்றி இரண்டு வரி. அந்தக் காலத்து ஜீப்பில் டைனமோ இருக்கும். இரண்டு ஹெட்லைட்டுக்கும் ஒரு ஹாரனுக்கும் போதும். அதை நம்பி உள்ளே ஓடுகிற வயரும் ஒல்லி. டைனமோவில் கிளம்பி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஏறி, ஆம்பியர் மீட்டருக்குள் புகுந்து, திரும்பி வந்து பேட்டரியைச் சேரும். இப்போது வாங்குகிறவர்களுக்கு ஏசி வேண்டும், நாலு ஃபாக் லைட் வேண்டும், சேற்றில் மாட்டினால் இழுக்க முன்னால் மோட்டார் வேண்டும். அதனால் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதைப்போல மூன்று மடங்கு கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரைப் போடுவார்கள். போடலாம். ஆனால் பழைய ஒல்லி வயரை அப்படியே விடக் கூடாது. ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்குக் கட்டைவிரல் மொத்தத்தில் தனிக் கேபிள் இழுக்க வேண்டும், நடுவில் ஃப்யூஸ் போட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை கரண்ட்டும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும். வயர் சுடும், தோல் உருகும். இது ரகசியமெல்லாம் இல்லை, எங்கள் சந்தில் எல்லா மிஸ்திரிக்கும் தெரியும். அனந்த் சாருக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருந்தது, அனந்த் சாரின் வண்டிகளுக்கெல்லாம் வயரிங் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழைய ஜீப்புகளின் ஊர்வலம். புது ஆல்டர்னேட்டர் போட்ட ஜீப் ஒன்றை அன்றைக்கே அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டும் அனந்த் சாருக்கு. கேபிள் வரவில்லை. நாளைக்கு வரும், பொறுங்க சார் என்றார் அப்பா. நான் சாப்பாட்டுக் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒரு ரவுண்டுதானே வீரபாண்டி" என்றார் அனந்த் சார்.

மைதானத்தில் ஒரு ரவுண்டு முடிவதற்குள் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. அனந்த் சார் குதித்துவிட்டார். அப்பா ஓடிப்போய் பானெட்டைத் தூக்கி, ஸ்பேனர் தேட நேரமில்லாமல், வெறுங்கையால் பேட்டரி வயரைப் பிடித்துப் பிடுங்கினார். வயரின் உருகின தோல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. வண்டி பிழைத்தது. அதை விலை பேசிவைத்திருந்த வங்காளி பாபு, யார் இந்த வேலை செய்தது என்று கேட்டார். அனந்த் சார் யோசிக்கக்கூட இல்லை. "வயர்மேனோட கவனக்குறைவு. படிக்காத ஆளை நம்பினது என் தப்பு" என்றார். இங்கிலீஷில் ஒரு தடவை, வங்காளத்தில் ஒரு தடவை. அப்பா கையைத் தண்ணீர் டப்பாவுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏன்ப்பா சொல்லல, அவருதான் கேபிள் வேண்டாம்னாருன்னு?" என்று வரும் வழியில் டிராமில் கேட்டேன்.

"சொல்லி? விடு தாயி. அவுக வீட்டு வேலையிலதான் நீ படிக்க."

வலது கையில் மூன்று விரல் மடங்காமல் போயிற்று. அதைவிட மோசம் சந்தில் பரவின சிரிப்பு. வீரபாண்டி தொட்டால் வண்டி தீபாவளி கொண்டாடும் என்றார்கள். வேலை நின்றது, கடையை மூடினோம். பாலிகஞ்சிலிருந்து, மாமி வீட்டிலிருந்து, டிரைவர் கையில் ஒரு பை சாத்துக்குடியும் தீக்காயக் களிம்பும் வந்தது. யாரும் நேரில் வரவில்லை. அம்மா லேக் மார்க்கெட் மெஸ் ஒன்றுக்கு மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் அந்த மாவில்தான் இன்ஜினியர் ஆனேன். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தவர், எட்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் அனந்த் சாரிடமே வேலை கேட்டுப் போனேன். வேறு இடம் கிடைக்கவில்லையா என்று நேற்று கேட்டீர்கள். கிடைத்தது. நான் இங்கேதான் வேண்டும் என்று வந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அட, வீரபாண்டி பொண்ணா நீ? பாத்தியா, நாங்க எதையும் மனசுல வெச்சுக்கறதில்ல" என்றார் அனந்த் சார்.

எங்களை மன்னித்துவிட்டாராம். நான் தேங்க்ஸ் சொன்னேன்.

வேலையில் எனக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் உட்கார்ந்து பழைய ஜீப் எதற்கும் பொருந்துகிற மாதிரி ஒரு செட் தயாரித்தேன். ஆல்டர்னேட்டரைத் தாங்குகிற பிராக்கெட், பெல்ட் வழுக்காத புல்லி, கேபிள், ஃப்யூஸ், எல்லாம் சேர்த்து. எந்த மிஸ்திரியும் ஒரு பகலில் மாட்டிவிடலாம். தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் தன் ஜீப்புகள் அத்தனைக்கும் அதைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அனந்த் சார் குளிர்ந்துபோய், உனக்கு என்ன வேணும் கேள் என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சார். ஆயுத பூஜைக்கு சந்துல எல்லாரும் வருவாங்க. அப்பாவையும் கூட்டிட்டு வரேன். அன்னிக்கு அவர் மேல தப்பு இல்லன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லணும்."

"அவ்ளோதானா? சொல்லிட்டாப் போச்சு" என்று சிரித்தார்.

எட்டு வருஷமாக நான் கேட்டது இந்த ஒரு வார்த்தைதான். கையைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை.

இங்கே மிஸ்திரிகள் விஸ்வகர்மா பூஜை அன்று மட்டும்தான் கருவிக்கு விடுமுறை கொடுப்பார்கள். அனந்த் சார் வீட்டில் அதையும் செய்வார்கள், நம் வழக்கப்படி நவமிக்கு ஆயுத பூஜையும் செய்வார்கள். நவமி காலையில் ஸ்பேனரிலிருந்து டெஸ்டர் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வாழையிலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், தசமி அன்று மறுபூஜை போட்டு எடுக்கிற வரை எதையும் தொடக் கூடாது. ஒரு ஆணியைக்கூடத் திருகக் கூடாது. மாமி இதில் கண்டிப்பு. போன வருஷம் ஒரு பையன் பூஜையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டான் என்று மொத்த இலையையும் மாற்றச் சொன்னவர்.

தோட்டக்காரருக்குக் காட்ட ஒரு ஜீப்பை நான் தயார் செய்துகொண்டிருந்தேன். மேலே இரும்புக் கூடு, கண்ணாடி, உள்ளே ஏசி. பின்பக்கம் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, ஏறுவதற்குப் பின்னால் ஒரு கதவு. அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். நான் நிதாய்-தாவிடம் ஒரு தடவை சொன்னேன், பூஜை கழியட்டும் என்றார். அது எலக்ட்ரிகல் வேலை இல்லை.

அஷ்டமி சாயங்காலத்துக்கு ஆல்டர்னேட்டர், ஏசி எல்லாம் மாட்டி முடிந்தது. மிச்சம் கேபிள் மட்டும். அதுவும் அன்று மத்தியானமே வந்துவிட்டது. அரை மணி நேர வேலை. நான் மாட்டவில்லை. சுருட்டி ஒரு பக்கம் வைத்தேன். மறுநாள் காலையில் மாமி இலை போட்டதும், ஸ்பேனர்களுக்கு நடுவில் அந்தக் கேபிளையும் நானே கொண்டுபோய் வைத்தேன். "புதுசாடி? நல்லது" என்று மாமி அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். காலையில் வீட்டில் ஒரே சண்டை. "எவன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கப் போறீக? அந்தக் கதவைத் தாண்டாம எட்டு வருசம் கெடந்தீகல்ல, அப்படியே கெடங்க" என்றாள் அம்மா. அப்பாவுக்குமே இஷ்டமில்லை. நான்தான், ஒரு வார்த்தை சொல்வார்ப்பா, வாங்க என்று இழுத்துக்கொண்டு வந்தேன். நிதாய்-தா அவரைப் பார்த்ததும் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, "தோர் பாபாய் ச்சிலோ ஆசொல் மிஸ்திரி" என்றார் என்னிடம். உன் அப்பாதான் அசல் மிஸ்திரி என்று. அப்பா கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

சந்தே வந்திருந்தது. கற்பூரம் காட்டி முடித்ததும் அனந்த் சார் பேசினார். இந்த செட்டை வடிவமைத்தது சென்னையிலிருந்து வந்திருக்கிற என் தம்பி விவேக் என்றார். விவேக் அவருடைய சித்தப்பா பையன். எம்.பி.ஏ. பேட்டரியில் பிளஸ் எது மைனஸ் எது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். சரி, போகட்டும், என் பெயர் எனக்குப் பெரிதில்லை என்று நின்றேன். அனந்த் சார் சுற்றிப் பார்த்தார். அப்பா கண்ணில் பட்டார். நேராக வந்து தோளில் தட்டினார்.

"வீரபாண்டி, கையை ஜாக்கிரதையா வெச்சுக்கோ. இதுவும் ஆல்டர்னேட்டர் வண்டிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

தத்தா பாபு, எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. அனந்த் சார் மேல் இல்லை. அப்பா சிரித்த அந்தச் சிரிப்பு இருக்கிறதே, முதலாளி சொன்ன ஜோக்குக்கு மரியாதையாகப் பல் தெரியச் சிரிக்கிற சிரிப்பு, அதன்மேல் வந்தது. அந்தச் சிரிப்பை அவருக்குப் பழக்கிவிட்டவர்கள் மேல் வந்தது. பொங்கலைத் தொன்னையில் வாங்கித் தின்றுகொண்டு நின்ற அத்தனை பேர் மேலும் வந்தது.

தோட்டக்காரர் ஜோக்கா தாண்டி ஒரு தோட்ட வீட்டில் பூஜைக்கு வந்து தங்கியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய், வண்டியையும் காட்டிவிடலாம் என்று திட்டம். அனந்த் சார் சாவியை எடுத்தார்.

"சார், கேபிள் இன்னும் மாட்டல" என்றேன்.

"எங்கே அது?"

"பூஜைல இருக்கு."

அவர் இலையைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "தசமிக்கு எடுத்து மாட்டிக்கோ. இப்ப ஒரு ரவுண்டுதானே."

நிதாய்-தா சாட்சி, கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்னேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, முணுமுணுக்கவும் இல்லை, சாதாரணக் குரலில் ஒரு தடவை சொன்னேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்த மனுஷன், அதே சொல்லை அதே வாயால் சொன்னார். இதை மட்டும் சொல்லி நான் நிறுத்தினால், கவனக்குறைவு என்கிற வார்த்தை அவர் பக்கம் போய்விடும். எந்த வக்கீலும் அதைத்தான் சொல்லச் சொல்வார். எனக்கு அது வேண்டாம். அவருக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன்.

மைதானத்து ஜீப்பில் கிடையாது, ஆனால் இந்த ஜீப்பின் பழைய ஒல்லி வயரில் ஒரு ஃப்யூஸ் உண்டு. கரண்ட் அதிகமானால் அது முதலில் போய்விடும், வண்டி சும்மா நின்றுவிடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. எரிந்த வண்டியில் அந்த ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மொத்தமான செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்ததாக உங்கள் நிபுணர் கண்டுபிடித்தார். தெருவோர மிஸ்திரி செய்கிற அரைகுறை வேலை என்றாராம். அரைகுறை இல்லை. கம்பியை மூன்றாக மடித்து, இடப்பக்கம் சுற்றி, நுனியை உள்ளே செருகுகிற முறுக்கு அது. கையால் இழுத்தால் அறும், கரண்ட்டால் அறாது. அப்பா கடையில் கற்றுக்கொண்டது. அதை நான் அஷ்டமி சாயங்காலம் வைத்தேன்.

ஆமாம், அனந்த் சார் பேசுவதற்கு முந்தின நாள். நீங்கள் இதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி புருவத்தைத் தூக்க வேண்டாம். அப்பா மேல் தப்பு இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் கம்பியை எடுத்துவிட்டு ஃப்யூஸைப் போட்டிருப்பேன். அது ஒரு நிமிஷ வேலை, பூஜை நாளானாலும் விரலாலேயே செய்யலாம். அவருக்கு நான் சந்தர்ப்பம் கொடுத்தேன். எங்களுக்கு யாராவது கொடுத்தார்களா?

அப்புறம் டிராஃபிக். முதலில் சொன்னேனே. ஆல்டர்னேட்டர் இன்ஜின் வேகமாக ஓடினால்தான் நிறையக் கொடுக்கும். பந்தல் கூட்டத்தில் வண்டி நின்று நின்று போகும்போது அது கொடுப்பது ஏசிக்கே காணாது, பேட்டரியிலிருந்து உறிஞ்சும். பெஹாலாவைத் தாண்டுவதற்குள் பேட்டரி பட்டினி கிடக்கும். ஜோக்கா தாண்டினால் ரோடு திறந்துவிடும். இவ்வளவு நேரம் நின்ற எரிச்சலில் எந்த ஆளும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பான், அனந்த் சார் நிச்சயமாக மிதிப்பார். ஆல்டர்னேட்டர் தன்னிடமுள்ள அத்தனையையும் பட்டினி பேட்டரிக்கு ஒரே மூச்சில் அனுப்பும். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒல்லி வயர் வழியாக. அந்த வயர் பெட்ரோல் ட்யூபை ஒட்டிக்கொண்டு இன்ஜின் பக்கம் இறங்குகிற இடத்தில், இரும்பில் உரசாமலிருக்க ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. மறக்கவில்லை. என் மேஜை டிராயரில் இருக்கிறது.

ஆகவே அது ஜோக்கா தாண்டித்தான் எரியும் என்று எனக்குத் தெரியும். ஜோக்கா தாண்டித்தான் எரிந்தது. நான்கு வருஷம் படித்ததற்கு இதுதான் நான் முழுசாகப் போட்ட முதல் கணக்கு. அதைப் போய்க் கவனக்குறைவு என்கிறீர்கள்.

அக்ஷரா விஷயம் நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். அனந்த் சாரின் பெண், ஆறு வயசு. "ஷோபனா-தி, நானும் ஜாபோ" என்று, தானும் வரணுமாம், பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கி, உனக்குச் சுண்டல் எடுத்து வைத்திருக்கிறேன் வா என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அழுதாள், பெரிய ரகளை. சுண்டலை என் மேல் கொட்டினாள். அவளை ஏன் இறக்கினாய் என்கிறீர்கள். இது என்ன கேள்வி? குழந்தை. அவள் என்ன செய்தாள்? ஒரு உயிரை நான் அன்றைக்குக் காப்பாற்றினேன், அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

முன்னால் அனந்த் சார், பக்கத்தில் விவேக். அவர்கள் இரண்டு பேருக்குத்தான் நான் கணக்குப் போட்டது. சாகிறதற்குக்கூட இல்லை. டேஷ்போர்டு புகைந்தால் குதிப்பார்கள், மைதானத்தில் குதித்தவர்தானே. கொஞ்சம் சுடும். பிடித்து இழுக்க ஒரு கை நீளும், அந்தக் கையில் மூன்று விரல் போகும். அவ்வளவு போதும் என்று நினைத்தேன். தோட்டக்காரர் வாசலிலேயே வண்டி எரிந்து நின்றால் இன்னும் நல்லது. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது, வெங்கட்ராமன் மாமா, இந்த வரியை மொழிபெயர்க்கும்போது நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் குதித்தார்கள். விவேக்குக்குப் புருவம் பொசுங்கியது, அனந்த் சாருக்கு முழங்கை. பின்பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்திருக்கலாம். நாலே எட்டு வைத்தால் போதும். அவர் ரோட்டைத் தாண்டி ஓடி, டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று கத்தினாராம். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் போய்த் திறந்தார். அதற்குள் ஏசிக்காக மூடின கண்ணாடிக்குள் மாமி வெந்திருந்தார். இதைப் பற்றி உங்கள் முடிவில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஓடினவருக்குக் கவனக்குறைவு கிடையாது. மாமிக்கு முழங்கால் மடங்காது, முன் சீட்டைத் தாண்டி வந்திருக்க முடியாது.

தசமி காலையில் மறுபூஜைக்கு ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லை. நானே பூட்டைத் திறந்து, கற்பூரம் ஏற்றி, கேபிளை எடுத்துக்கொண்டேன். இதோ உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அதுதான். பொட்டு இன்னும் அழியவில்லை. மாமி வைத்த பொட்டு.

கடைசியாக ஒன்று இருக்கிறது. பின்கதவை யார் சாத்தினது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தான்தான் சாத்தியிருக்க வேண்டும் என்று அனந்த் சார் அழுகிறாராம். அழட்டும் என்று விட்டுவைத்திருந்தேன்.

மாமி வருவதாகத் திட்டம் இல்லை. அக்ஷராவை உள்ளே விட்டுவிட்டு நான் திரும்பி வரும்போது, ஸ்டூல் போட்டு நிதாய்-தா கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஏறிக்கொண்டிருந்தார். ஏசி வண்டி எப்படி இருக்கிறதென்று பார்க்கணுமாம். நிதாய்-தா ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மாமியும்தான். மூச்சு வாங்கி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா வந்திருக்காரேடி, பாத்தேன். பாவம், அவர் மேல என்ன தப்பு? அன்னிக்கு அனந்த்னா அவசரப்பட்டான்."

நான் அவரையே பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா மாமி?"

"தெரியாம என்ன? எங்காத்துல எல்லாருக்கும் தெரியும். எங்காத்து மாமா அப்பவே இவனைத் திட்டினார். என்ன பண்றது, ஆம்பளைகள் சமாசாரம். தசமி ஆகட்டும், நானே அவன்ட்ட சொல்றேன்."

நான் கேட்ட வார்த்தை அதுதான். எட்டு வருஷமாகக் கேட்டது. முழுசாக, ஒரு எழுத்து குறையாமல் மாமி வாயிலிருந்து வந்தது. முன்னால் அனந்த் சார் இன்ஜினைக் கிளப்பினார். கம்பியை எடுக்க ஒரு நிமிஷம் போதும் என்று முன்னாலேயே சொன்னேன். அந்த ஒரு நிமிஷம் என்னிடம் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் தெரியும் என்றால் என்ன அர்த்தம், தத்தா பாபு? நாங்கள் சாத்துக்குடி தின்றபோது தெரியும். அம்மா மாவு அரைத்தபோது தெரியும். அப்பா சற்றுமுன் சிரித்தாரே, அப்போதும் தெரியும்.

மாமி நல்லவர்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

கதவை நான்தான் சாத்தினேன். உள்ளேயிருந்து திறக்காது என்று தெரிந்துதான் சாத்தினேன். மாமியின் புடவைத் தலைப்பு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, இடுக்கில் மாட்டிக் கிழிந்துவிடும். அதை எடுத்து அவர் மடியில் வைத்து, ஒரு தடவை நீவி விட்டு, அப்புறம் மெதுவாகச் சாத்தினேன். இப்போது சொல்லுங்கள், நானா கவனமில்லாதவள்?